ஐஸ் பெட்டியை எங்கே வைப்பது?

வாடிக்கையாளரைப் பார்த்ததும் "வாங்க" என்று சொல்லக் கூடாது, வேலை முடிந்து கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்றும் சொல்லக் கூடாது. அப்படி ஒரு தொழில் இருக்கிறது, அதைத்தான் நான் செய்கிறேன். தூரத்து உறவுக்காரர்கள் வந்து முகம் பார்க்கும்வரை இறந்தவர்களை வைத்திருக்கிற ஐஸ் பெட்டியை வாடகைக்கு விடுகிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரைக்கும் எந்த ஊரில் சங்கு ஊதினாலும் எனக்குப் போன் வரும்.

ஆசைப்பட்டு, யோசித்து, நாள் பார்த்துத் தொழில் தொடங்கியவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். அவர்களுக்குப் பொன்னாடை போர்த்த ஆள் இருக்கிறார்கள். இருந்த வேலை போய், வேறு வேலை கிடைக்காமல், கடைசியில் சொந்தத் தொழில் என்ற பள்ளத்தில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவர் டீக்கடை வைத்திருப்பீர்கள், ஒருவர் தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்பீர்கள், ஒருவர் பழைய ஆட்டோ ஓட்டுவீர்கள். ஊரார் உங்களையும் "என்ன முதலாளி" என்று கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது உங்களுக்கு எங்கே எரியும் என்று எனக்குத் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். நடந்ததை நடந்தபடி எழுதத்தான் வரும். ஆனால் யார், எந்த இடத்தில், என்ன சொன்னார்கள் என்பதை மறக்க மாட்டேன். அது என் வியாதி. இந்தத் தொழில் எனக்குச் சோறு போட்டது. அந்தச் சோற்றைப் பொங்கிப் போட்ட என் மனைவி பஞ்சவர்ணம் இதே தொழிலால் வீட்டைவிட்டுப் போனாள். அவளைத் திரும்பக் கூட்டிவர நான் பட்ட பாடும் இதில் வரும்.

அறுந்த நூல்

நூற்பாலையில் இருபத்தாறு வருஷம் சைடராக இருந்தேன். சைடர் என்றால், ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்திலேயே நடந்து, அறுந்த நூலைப் பிடித்து முடிந்துவிடுகிறவன். ஒரு ஷிப்டில் நான் நடந்த நடைக்குக் காரியாபட்டிக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். ஐம்பத்து நாலு வயதில் கண் மங்க ஆரம்பித்தது. சூப்பர்வைசர் என்னைவிடப் பத்து வயது இளையவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு வருஷம் என் தூக்குவாளிச் சோற்றில் பாதியைத் தின்றவன். அவன்தான் என்னைக் கண்ணாடி ரூமுக்குள் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றான்.

நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கூட்டிப் பெருக்குகிற வேலை கொடுத்தாலும் செய்கிறேன் என்று கெஞ்சினேன். வேலை போனதைவிட அப்படிக் கெஞ்சியதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அவன் எழுந்து வந்து என் தோளில் கை போட்டான். "எதுக்குண்ணே இந்த வயசுல இன்னொருத்தன்கிட்டக் கை கட்டி நிக்கிறீக? சொந்தமா ஏதாச்சும் பண்ணிப் பெரிய ஆளா வாங்கண்ணே!"

நாற்காலி

பெரிய ஆளாக வருவதற்கு முன்னால் வாட்ச்மேனாகவாவது ஆகலாம் என்று அலைந்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில், இங்கிலீஷில் பெயர் எழுதத் தெரியுமா என்று கேட்டார்கள். ஒரு லாட்ஜில், மீசை நரைத்திருக்கிறதே என்றார்கள். மை பூசிக்கொண்டு மறுநாள் போனேன். வேறு ஆள் வந்துவிட்டான். பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் மட்டும் என்னை உட்காரச் சொல்லிப் பேசினார். காலை ஒன்பதிலிருந்து கடை சாத்துகிறவரைக்கும் வாசலில் நிற்க வேண்டும், வருகிறவர்களுக்குக் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. நடுவில் உட்கார ஒரு நாற்காலி உண்டா என்று கேட்டேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நாற்காலி போட்டாத் தூங்கிருவீக. போடாட்டி விழுந்துருவீக. ரெண்டும் கடைக்கு ஆகாதே பெரியவரே."

திருப்பதி வரிசை

அந்தச் சித்திரையில் பஞ்சவர்ணம் மகளிர் குழுப் பெண்களோடு திருப்பதி போயிருந்தாள். அவள் போன மறுநாள் காலையில் அவளுடைய அண்ணன், என் மச்சான், நரிக்குடிப் பக்கத்தில் ஆடு பத்திக்கொண்டு போனவர், கண்மாய்க் கரையிலேயே விழுந்து இறந்துபோனார். திருப்பதியில் வரிசைக்குள் போகும்போது செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். அவள் காதுக்குச் சேதி எட்டுவதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. எப்படி வந்தாலும் மறுநாள் விடியும்.

அப்போது அருப்புக்கோட்டைப் பக்கம் ஐஸ் பெட்டி வைத்திருந்தவர் ஒருவர்தான். பதினோரு மணிக்குப் பெட்டி வந்துவிடும் என்றார். வரவில்லை. எங்களுக்கு வர வேண்டியதை ஒரு அரிசி ஆலைக்காரர் வீட்டுக்குத் திருப்பி விட்டுவிட்டார். அந்தப் பெட்டிக்காரரை இன்றைக்கும் எதிரில் பார்த்தால் நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். வெயில் ஏற ஏறப் பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கூடப் பிறந்தவள் ஊரில் இல்லை. அவள் புருஷன் நான் சரி என்றால்தான் எடுப்பார்கள். மூன்று மணிக்கு நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலையில் வேனிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குள் போகவில்லை. நேராகப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அந்த மண்ணைக் கொஞ்ச நேரம் கையால் தடவிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "ஒரு ராத்திரி வச்சிருக்க ஒரு பெட்டி கெடைக்கலையா உங்களுக்கு? ஊருல அம்புட்டுப் பேருக்கும் கெடைக்குது, எங்கண்ணனுக்குத்தான் இல்ல."

டிமாண்டு

அந்தச் சொல் ஒரு பக்கம், வேலையில்லாமல் வீட்டில் கிடந்தது ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து என்னைப் பேங்க் வாசலில் கொண்டுபோய் நிறுத்தின. லோனுக்கான பாரத்தை எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து நிரப்பச் சொன்னேன். "என்ன தொழில்" என்ற இடம் வந்ததும் அவள் பேனாவை மூடிவிட்டாள். எதற்கும் பென்சிலில் எழுதுகிறேன் என்றாள்.

மேனேஜர் வெளியூர்க்காரர், சின்ன வயது. மரியாதையாகத்தான் பேசினார். ஏற்கெனவே ஒருவர் இதே தொழிலில் இருக்கிறாரே என்றார். அவரால்தான் சார் நானே வந்திருக்கிறேன் என்றேன். ஒருமுறை வந்த வாடிக்கையாளர் மறுபடி வருவாரா என்று கேட்டார். வர மாட்டார் சார் என்றேன். பொய்யா சொல்ல முடியும்? அவர் பாரத்தை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார். "எனக்கு மேல இருக்கிறவங்க கேள்வி கேப்பாங்க ஐயா. இதுக்குத் தொடர்ந்து டிமாண்டு இருக்கும்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

பூசாரிக்கு வந்த சந்தேகம்

கடைசியில், எனக்கென்று இருந்த ஒன்றரைக் குறுக்கம் கரிசல் நிலத்தை விற்றேன். கருவேலமரம் தவிர வேறு எதுவும் முளைக்காத மண்தான். விற்கிற அன்றைக்கு மட்டும் அது விளைகிற பூமி மாதிரி தெரிந்தது. மதுரையில் ஒரு பழைய பெட்டியைப் பார்த்து வாங்கி, செல்வத்தின் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். செல்வம்தான் இன்றுவரைக்கும் எனக்கு வண்டி ஓட்டுகிறவன். பெட்டிக்கு மறுபக்கம் பிடிக்கிறவனும் அவன்தான்.

திறப்பு விழா வைக்க முடியாத தொழில் இது. யாரை அழைப்பது? நோட்டீஸ் அடித்தால் யார் கையில் வாங்குவார்கள்? இருந்தாலும் ஒரு பூஜை போடாமல் தொடங்க மனசு வரவில்லை. எங்கள் தெருக் கோயில் பூசாரியைக் கூப்பிட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தார். பெட்டிக்கு விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். சூடத்தைக் கொளுத்தியவர் கையை உயர்த்தாமல் அப்படியே நின்றார். பிறகு என் காதருகே குனிந்தார். "வழக்கமா தொழில் பெருகணும்னுதான் வேண்டிக்கிருவேன். இதுக்கு அப்படி வேண்டவா, வேண்டாமாய்யா? எங்க வீட்டுலயும் வயசானவுக ரெண்டு பேரு இருக்காக."

போன் அடித்தால்

பெட்டி வந்த ஒரு மாதத்தில் ஊரில் எனக்குப் பழைய பெயர் போய்விட்டது. டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். டீக்கடையில் என் போன் அடித்தால் எல்லாரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்ப்பார்கள். ஒருநாள் காரியாபட்டியிலிருந்து என் மகள் கூப்பிட்டாள். அவள் மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியா, நல்லதும்மா, ரொம்ப நல்லது என்று சிரித்துக்கொண்டே பேசினேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் பெஞ்சில் ஒருவரும் இல்லை. டீ மாஸ்டர் மட்டும் துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, இனிமே சிரிச்சுக்கிட்டு மட்டும் போன் பேசாதீக. கடைக்கு ஆளு வராது."

ஒரே ஒரு பிளக்கு

பெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. கடைசிவரைக்கும் வாசலில் காத்துக்கிடக்க வேண்டும். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு ஊர். அந்த வீட்டில் மொத்தமே ஒரு பிளக்குதான் இருந்தது. அதில் பெட்டியை மாட்டிவிட்டு, குளிர் பிடிக்கிறவரைக்கும் பக்கத்தில் நின்றுவிட்டு, வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் கண்ணாடி மூடி முழுக்க வேர்த்திருக்கிறது. பெட்டியின் உறுமலைக் காணோம். பதறிக்கொண்டு ஓடினேன். என் வயரைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு நீட்டு வயரை மாட்டி, வரிசையாக ஐந்து செல்போன்களுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாருய்யா இதைச் செய்தது என்று கத்தினேன். இறந்தவருடைய மருமகன் எழுந்து வந்தார். குற்றம் செய்த முகமே இல்லை. "எல்லாருக்கும் தகவல் சொல்லணும்ல? சார்ஜு இல்லாம எதுல சொல்றது? நாங்க பேசி முடிக்கிறதுக்குள்ள மாமா எங்க எந்திரிச்சுப் போயிறப் போறாரு?"

மோர்

இனி என் தப்புக்கு வருகிறேன். பெட்டியை வைக்க வேறு இடம் கிடைக்காததால் முதல் நாளிலிருந்தே எங்கள் வீட்டு முன்னறையில்தான் வைத்திருந்தேன். பஞ்சவர்ணம் ஒரு பழைய சேலையை அதற்கு முன்னால் திரை மாதிரி தொங்கவிட்டாள். அன்றிலிருந்து பின்வாசல் வழியாகவே வந்து போனாள். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

ஒவ்வொரு தடவையும் பெட்டி திரும்பி வந்ததும் பினாயில் ஊற்றி மூன்று முறை கழுவி, வெயிலில் திறந்து போட்டு, பிறகு குளிரூட்டுகிற கேஸ் இருக்கிறதா என்று பார்க்க அரை நாள் சும்மா ஓடவிட வேண்டும். போன வருஷம் அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் அப்படி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. இருபத்தாறு வருஷம் மில்லில் இருந்தவனுக்கு ஒரு மெஷின் வெறுமனே ஓடினால் பொறுக்காது. மோர்ச் செம்பை மூடி, உள்ளே ஒரு மூலையில் வைத்தேன். நூறு நாள் வேலைக்குப் போயிருந்த பஞ்சவர்ணம் மத்தியானம் முகம் கறுத்து வந்தாள். இரண்டு டம்ளர் குடித்தாள். இம்புட்டுக் குளுமையா எங்க வாங்குனீக என்று கேட்டாள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. நம்ம வீட்டிலேயே இருக்கும்போது எதுக்கு வெளியே வாங்கணும் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

அவள் திரைச்சேலையைப் பார்த்தாள். போய் வாயைக் கொப்பளித்தாள். மறுபடி கொப்பளித்தாள். பிறகு ஒரு பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். மூன்று தடவை கழுவினேன் பஞ்சவர்ணம், சத்தியமாக மூன்று தடவை கழுவினேன் என்று பின்னாலேயே போனேன். காரியாபட்டி பஸ் வந்தது. படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "கழுவியிருப்பீக. நான் இல்லேங்கல. ஆனா இனிமே அந்த வீட்டுல ஒரு சொம்புத் தண்ணி குடிக்கிறதுன்னாலும் இது எங்கயிருந்து எடுத்ததுன்னு நான் கேட்டுட்டுத்தான குடிக்கணும்?"

தறிக்குப் பக்கத்தில்

பெட்டி என்றைக்கு வீட்டைவிட்டுப் போகிறதோ அன்றைக்கு அம்மா வரும் என்று மகள் போனில் சொன்னாள். அன்றிலிருந்து இடம் தேடினேன். நீங்கள் வாடகைக்குக் கடை தேடியிருப்பீர்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு நடந்திருக்காது. என்ன பொருள் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறவரைக்கும் எல்லாரும் நல்லவர்கள்தான். பதிலைச் சொன்ன பிறகு, அந்த இடத்தை மச்சினன் கேட்டிருக்கிறான், கொழுந்தியா கேட்டிருக்கிறாள் என்பார்கள். அப்படிச் சொன்ன ஏழு பேரில் ஒருவருக்குக்கூட இன்றுவரை மச்சினன் வரவில்லை. ஏழு இடமும் பூட்டியே கிடக்கின்றன. போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நெசவுக்காரர் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். தறிக்கூடத்தை ஒட்டி ஒரு காலி அறை இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் புருஷனும் மனைவியும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் அந்த அம்மா காபி டம்ளரை என் கையிலிருந்து வாங்காமல், தரையிலேயே வைத்துவிடுங்கள் என்று கண்ணால் காட்டியபோது எல்லாம் புரிந்துவிட்டது. அவர் மட்டும் வாசல்வரைக்கும் கூட வந்தார். "எங்களுக்கு ஒண்ணும் பயமில்லீங்கய்யா. கல்யாணத்துக்குக் கட்டுற சேலை நெய்யுற எடம் இது. அந்தப் பெட்டியும் இந்தத் தறியும் ஒரே கரண்டுல ஓடக் கூடாது, பாருங்க."

குளிர்

இந்தத் தொழிலில் எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. என்னைத் துரத்தினவன், மதிக்காதவன் எல்லாருடைய வீட்டு வாசலுக்கும் ஒருநாள் நான் போகாமல் தீராது என்று நினைத்துக்கொள்வேன். இது நல்ல நினைப்பு இல்லை என்று தெரியும். இருந்தாலும் அதுதான் எனக்குத் துணையாக இருந்தது. போன கார்த்திகையில் ஒரு போன் வந்தது. விலாசத்தைக் கேட்டு வண்டியை விட்டோம். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த மில் போட்டோவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது அந்த சூப்பர்வைசர் வீடு. மாரடைப்பு. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் செல்வம் முழங்கையால் இடித்தான். துக்க வீடுண்ணே, மூஞ்சியை மாத்துங்க என்றான்.

அவரைப் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்று நாலு வருஷமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். தாடையைச் சேர்த்துக் கட்டி, இரண்டு பெருவிரலையும் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். கால் பக்கம் நான் பிடித்தேன். என் தோளில் விழுந்த அந்தக் கை வயிற்றின்மேல் கிடந்தது. சொல்ல வேண்டியதை யாரிடம் சொல்வது? மூடியைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டு, குளிரைத் திருகி வைத்தேன். அழுது தொண்டை கட்டிப்போயிருந்த அவர் மனைவி என் பக்கத்தில் வந்து குனிந்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. "அவுகளுக்குக் குளிரு ஆகாதுய்யா. மில்லுல ஏசி ரூம்புல ஒக்காந்தாக்கூடத் துண்டைப் போத்திக்கிருவாக. கொஞ்சம் கொறச்சு வைக்க முடியுமா?"

நீளம்

இரண்டு மாதத்துக்கு முன்னால் பாளையம்பட்டியிலிருந்து ஒருவர் என் வீட்டைத் தேடி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஆறடிக்கு மேல் உயரம். யார் வீட்டில் என்று கேட்டேன். ஒருவர் வீட்டிலும் இல்லை, பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். திரையை விலக்கிக் காட்டினேன். மூடியை எடுக்கச் சொன்னார். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரைக்கும் சாண் போட்டு அளந்தார். பிறகு தன் உச்சந்தலையில் ஆரம்பித்துக் கீழே குனிந்து குனிந்து தன்னையும் அளந்தார். கால் மடங்குமா என்று கேட்டார். கொஞ்சம் சாய்த்து வைத்தால் மடங்காது என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

பேச்சுவாக்கில், பெட்டியை வைக்க இடமில்லாமல் அலைவதைச் சொன்னேன். அவர் தோட்டத்தில் ஒரு கோழிப்பண்ணை ஷெட் பூட்டிக் கிடக்கிறதாம். வாடகை வேண்டாம், கொண்டுவந்து போடுங்கள் என்றார். இத்தனை வருஷத்தில் என் பெட்டிக்கு முதன்முதலாக ஒருவர் இடம் கொடுக்கிறார். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் கையைக் கீழே இறக்கிவிட்டார். "மகன்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல இருக்கானுக. வந்து சேர ரெண்டு நாளாகும். பெட்டி எங்கிட்டயே கெடந்தா அன்னைக்கு யாரும் தேடி அலைய வேண்டாம் பாருங்க."

எட்டரை பஸ்

பெட்டியைக் கொண்டுபோய் இறக்கிய அன்றைக்கே முன்னறையைக் கழுவினேன். ஆள் வைக்காமல் நானே வெள்ளையடித்தேன். திரைச்சேலையைக் கழற்றி எரித்தேன். முன்வாசலில் ஒரு புது மிதியடி வாங்கிப் போட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸில் காரியாபட்டிக்குப் போனேன். அம்மா மதுரை ரோட்டு ஸ்டாப்பில் இருக்கும், அங்கே போய்ப் பாருங்கள் என்று மகள் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஸ்டாப்பில் ஒரு தள்ளுவண்டி நின்றது. மதுரைக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றி நின்று அவசர அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவிக்கு நடுவில் பஞ்சவர்ணம் இட்லி எடுத்துக்கொண்டிருந்தாள். மருமகன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூசி ஆரம்பித்தாளாம். எட்டு மாதமாகிறதாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பெட்டி போய்விட்டது பஞ்சவர்ணம், வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டேன், கிளம்பு என்றேன். காதில் விழுந்தது தெரிந்தது. கை நிற்கவில்லை. சாப்புட்டீகளா என்று கேட்டு, வாழை இலையில் நாலு இட்லியை வைத்துச் சட்னியை ஊற்றிக் கொடுத்தாள். அவள் கைச் சட்னி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பையன் என்னையே பார்த்தான். பக்கத்தில் நின்றவனிடம், எங்க பெரியம்மாவுக்குப் பெட்டி கொண்டாந்தாரே அவருதான் இவரு என்று சொன்னது எனக்கே கேட்டது. அவன் பாதி இட்லியோடு தட்டை வைத்துவிட்டு நகர்ந்தான். இன்னும் இரண்டு பேர் நகர்ந்தார்கள். பஞ்சவர்ணம் அதைப் பார்த்தாள். எப்போது வருகிறாய் என்று மறுபடி கேட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள். கோபமில்லாமல், தணிந்த குரலில், வியாபாரம் தெரிந்தவள் மாதிரி சொன்னாள்: "வீட்டுக்கு வாரதைப் பத்தி அப்புறமாப் பேசுவோம். இப்ப அந்தப் புளியமரத்துப் பக்கம் தள்ளி நின்னு சாப்புடுங்க. எட்டரை பஸ்ஸு வரப் போகுது, உங்களைப் பார்த்தா ஒருத்தரும் எறங்கி வாங்க மாட்டாக."

மில் என்னை முதலாளி ஆக்கியது, நான் என் மனைவியை முதலாளி ஆக்கினேன். இரண்டு முதலாளிகள் உள்ள எங்கள் வீட்டில் இப்போது அடுப்புப் பற்றவைக்கத்தான் ஆளில்லை.